கதிருக்குக் கை ஈந்தவர்

1895ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அச்செய்தியால் ஈர்க்கப்பட்டவருள் ஒருவர், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ். 1856இல் பிறந்த அவர், 1896இலேயே உயிருள்ள மனிதரின் பற்களைக் கதிர்ப்படம் எடுத்தார். 1899இல் பல்வேரின் நீளத்தை அளக்கவும் அதனைப் பயன்படுத்தினார்.

இன்றைய பல் கதிர்ப்படலத்தில், ஒளிபுகும் மெல்லிய தகட்டின் இருபுறமும் ஜெலட்டினில் கலந்த வெள்ளி புரோமைடு நுண்படிகங்கள் பூசப்பட்டிருக்கும். பல் கதிரைப் பெரிதும் தடுப்பதால் அவ்விடம் வெண்மையாகத் தோன்றும். சொத்தையில் கதிர் மிகுதியாக ஊடுருவும். அங்குப் படிகங்கள் உருத்துலக்கும் கரைசலில் கரிய வெள்ளித் துகள்களாக மாறும். சிதறிய கதிர் பின்புறமிருந்து திரும்பிப் படத்தை மங்கச் செய்யாதவாறு காரீயத் தகடு காக்கும்.

படலத்திற்குக் கிடைத்த இக்காப்பு, கெல்ஸின் கைக்குக் கிடைக்கவில்லை. கருவியின் கதிர்த்திறனை அறிய, அக்காலத்தில் மருத்துவர் தம் கையையே கதிரின்முன் நீட்டிப் பார்ப்பர். ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் ஆகும். வலி தராத கதிர் உடலை அழிக்கும் என்பதைப் பலரும் உணராத காலம் அது. கெல்ஸைப் புற்றுநோய் பற்றியது. விரல்கள், கை, பின் புயம் என ஒவ்வொன்றாக இழந்தார். ஆயினும் தம் பட்டறிவை நூல்களாக எழுதி வைத்து, 1928இல் மறைந்தார்.

இன்று நொடிப்பொழுதில் படம் எடுக்கப்படுகிறது. எடுப்பவர் விலகி நிற்கிறார். அந்த விலகல், கெல்ஸ் போன்றோர் தம் உடலை விலையாகத் தந்து பெற்ற அறிவாகும்.