உங்க மெனுவில் யாருக்கு என்ன வேலை?

ஏதாவது ஒரு கம்பெனியின் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரைத் திறந்து பாருங்க. இடது பக்கம் முழுக்க மெனு. பர்ச்சேஸ், பேரோல், இன்வென்டரி, ரிப்போர்ட்ஸ் என்று போய்க்கிட்டே இருக்கும். பில் போடுறவருக்குத் தேவை அதில் மூணே மூணுதான். மீதியை மறைத்து, அவரவர் வேலைக்கு ஏத்த மெனுவை மட்டும் காட்டும் வசதி இன்று எல்லா பிசினஸ் சாஃப்ட்வேரிலும் உண்டு. நாலு டிக்கை எடுத்துவிட்டா முடிஞ்சது, இதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். கிரேஸ் ஹாப்பரைப் பற்றிப் படித்த பிறகு அப்படித் தோணலை.

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயசில் வீட்டுக் கடிகாரங்களைக் கழற்றிப்போட்டு உள்ளே என்ன இருக்கு என்று பார்த்த ஆள். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். வாசர் கல்லூரியில் ஆசிரியர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேரப் போனார். வயசு அதிகம், எடை கம்மி என்று தயங்கினார்கள். விடாமல் நின்று 1943-ல் சேர்ந்துவிட்டார். அவரை அனுப்பிய இடம் ஹார்வர்டு. அங்கே 51 அடி நீளத்தில் நின்றுகொண்டிருந்தது மார்க் 1 கம்ப்யூட்டர்.

1949-ல் பிலடெல்பியாவில் யூனிவாக் கம்ப்யூட்டரை உருவாக்கிய நிறுவனத்துக்கு மாறினார். 1952-ல் ஏ-0 என்ற கம்பைலரை எழுதினார். கம்ப்யூட்டரே ப்ரோக்ராமைத் தொகுக்கும் என்பதைப் பலர் நம்பவே இல்லை.

நம்ம கதைக்குத் தேவையான இடம் இனிமேல்தான் வருது. யூனிவாக்கை வாங்கிய கம்பெனிகளில் சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் பார்ப்பவர்களை ஹாப்பர் கவனித்தார். கணிதக் குறியீடுகள் கணித ஆசாமிகளுக்குச் சரி, இவங்களுக்கு எதுக்கு? இவங்க வேலையில் திரும்பத் திரும்ப வருவது கம்பேர், மூவ், டிரான்ஸ்ஃபர் மாதிரி சுமார் 30 வினைச்சொற்கள்தான். அந்தச் சொற்களையே கம்ப்யூட்டர் மொழியாக்கலாம் என்றார்.

நிர்வாகத்துக்கு அதை நிரூபிக்க ஒரு சின்ன ப்ரோக்ராமை ஆங்கிலத்தில் ஓட்டிக் காட்டினார். அடுத்து அதே ப்ரோக்ராம் பிரெஞ்சில், பிறகு ஜெர்மனில். உள்ளே நடக்கும் வேலை ஒண்ணுதான், ஆளுக்கு ஏத்தபடி வெளியே தெரியும் சொல் மட்டும் மாறுது, அவ்வளவுதான் என்பது அவர் கணக்கு. நிர்வாகமோ மிரண்டுபோச்சு. அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சு எப்படிப் புரியும் என்று குழம்பினார்கள். ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கொடுத்து, மாதக்கணக்கில் பேசித்தான் அனுமதி வாங்கினார். அப்படி வந்ததுதான் ஃப்ளோ-மேட்டிக். 1959-ல் தொடங்கிய கோபால் மொழி பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் அமைந்தது. கோபாலில் எழுதிய ப்ரோக்ராம்கள் பல வங்கிகளில் இன்னும் ஓடுது.

1986-ல், 79 வயசில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். அவருடைய அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் தலைகீழாகச் சுற்றும். முன்னாடி இருந்து இப்படித்தான் செய்றோம் என்று வருபவர்களுக்கு அதுதான் பதில். 1992 ஜனவரி 1-ல் மறைந்தார்.

நான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா ஒரு ஹார்டுவேர் கடைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்தேன். பக்கவாட்டு மெனுவில் 14 ஐட்டம், எல்லாம் ஆங்கிலத்தில். சரக்கு எடுத்துக் கொடுக்கும் அண்ணன் தினமும் தொடுவது இரண்டை மட்டும். அதையும் பெயரைப் படித்து இல்லை, மேலிருந்து எத்தனையாவது என்று எண்ணித்தான் தொட்டார். முழுக்க இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு, அங்கே தமிழ் வரலாம் என்று தோணவே இல்லை. அந்த பிலடெல்பியா நிர்வாகத்தைப் பார்த்து நான் எப்படிச் சிரிக்க முடியும்?

இப்போ அவர் லாகின் பண்ணினா இரண்டே வரி: சரக்கு வந்தது, சரக்கு போனது. உள்ளே கோடு அதேதான்.

உங்க ப்ராஜெக்ட்டிலும் மெனுவை வடிவமைக்கிறதுக்கு முன்னாடி, அதைப் பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க.