ஓரணாச் சிற்றுண்டி

காட்டுப்பள்ளித் தோழர்களைக் காணச் சென்றிருந்தோம். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கொசத்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும். நடுவே துறைமுகம், கப்பல் கட்டும் தளம், சரக்குப் பெட்டிகளைச் சுமந்து ஓயாது ஓடும் லாரிகள். பொழுது விடியுமுன் தந்தை கடலுக்கோ ஷிப்டுக்கோ போய்விடுகிறார். தாய் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். பிள்ளை என்ன உண்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறது என்று கேட்டோம். காலையில் உப்புமாவோ பொங்கலோ பள்ளியிலேயே தருகிறார்கள், நண்பகலில் சோறும் முட்டையும் உண்டு என்றார்கள்.

இதைத் தொடங்கியவர் யார் என்று கேட்டோம். காமராசர் என்றார் ஒருவர். எம்.ஜி.ஆர். என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு; மறுக்கமாட்டோம். ஆனால் கதையின் தொடக்கம் அதற்கும் முன்னே! சர் பிட்டி தியாகராயர் என்றோம். தியாகராய நகர் தெரியும், தியாகராயரைத் தெரியாது என்றனர் இளைஞர். தெரியாததில் வியப்பென்ன? அந்தப் பெயரைத்தான் தி.நகர் என்று சுருக்கி, துணிக்கடைத் தெருவாக்கி விட்டோமே!

அவர் 1852-இல் பிறந்தவர். தேவாங்கர் குலம், நெசவு குலத்தொழில். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறிய பின்னும் தறியை மறந்தாரில்லை. பிட்டி நெசவாலை என்ற பெயரில் ஏறத்தாழ நூறு தறிகளை ஓடவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைப்பாகை! வெள்ளுடை வேந்தர் என்று நாடு அவரை அழைத்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி இன்றும் இருக்கிறது.

1882-இல் சென்னை நகராட்சி மன்றத்தில் நுழைந்தவர், ஏறத்தாழ 40 ஆண்டு அங்கே இருந்தார். டாக்டர் நாயரோடும் நடேசனாரோடும் சேர்ந்து 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைக் கண்டார். பின்னாளில் நீதிக்கட்சி என்று பெயர் பெற்றது அதுதான். 1920 தேர்தலில் கட்சி வென்றது. அமைச்சரவை அமைக்க ஆளுநர் வெலிங்டன் அழைத்தார். பதவி வேண்டாம் என்று மறுத்து, சுப்பராயலு ரெட்டியாரை முதல்வராக்கினார் தியாகராயர். இன்று ஒரு வட்டப் பதவிக்கு நடக்கும் இழுபறியைக் காணும்போது, இப்படியும் ஒருவர் இருந்தாரா என்று நமக்கே ஐயம் எழுகிறது!

முதலமைச்சர் நாற்காலியை வேண்டாம் என்றவர், நகராட்சித் தலைவர் நாற்காலியில் அமர்ந்து செய்ததுதான் நாம் சொல்ல வந்தது. அதே 1920-ஆம் ஆண்டு. ஆயிரம் விளக்கிலே ஒரு மாநகராட்சிப் பள்ளி. அங்கே படித்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். வறுமையால் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை மெலிந்து கிடந்தது. வயிறு காய்ந்த பிள்ளை எதற்காகப் பள்ளிக்கு வரும்? வந்தாலும் பலகையில் எழுதியது அதன் கண்ணில் படுமா? தலைவர் நோயைக் கண்டார், மருந்தையும் கண்டார். பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி தருவது என்று மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஓரணா என்றால் ரூபாயில் 16-இல் ஒரு பங்கு!

கொடை அவருக்குப் புதிதன்று. மயிலைக் கோயில் குடமுழுக்குக்கு அள்ளிக் கொடுத்தும், விழாவிலே மேலே ஏறவிடாமல் தடுக்கப்பட்டார் என்று நம் இயக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வருவர். ஆனால் ஆயிரம் விளக்கில் அவர் செய்தது கொடையன்று. சொந்தப் பையிலிருந்து எடுத்து வீசிப் புண்ணியம் தேடவில்லை. வரிப் பணத்திலிருந்து, தீர்மானம் போட்டு, கணக்கில் எழுதிக் கொடுத்தார். பிள்ளை யாரையும் கையெடுத்துக் கும்பிடாமல் உண்டது.

பலன் உடனே தெரிந்தது. மேலும் 4 பள்ளிகளுக்கு உணவு பரவியது. 1922-23-இல் 811 ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இரட்டிப்பு!

குறையே இல்லாத மனிதர் என்று நாம் எழுதவில்லை. 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிட மக்களின் மனம் புண்படும்படி நீதிக்கட்சித் தலைவர்கள் பேசினர். எம்.சி. ராஜா 1923-இல் கட்சியை விட்டே விலகினார். அந்தப் பழியில் தியாகராயருக்கும் பங்குண்டு. தொழிலாளத் தோழர்கள் படிக்கும் ஏட்டிலே அதை மறைப்பது முறையாகாது.

1925 ஏப்ரல் முதல் நாள் அந்தச் சிற்றுண்டி நின்றது. பணம் இல்லாமலா? இல்லை! தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. எழுத்து கற்பிப்பது கல்வியாம். கற்கும் பிள்ளைக்குச் சோறிடுவது கல்வியில் சேராதாம்! தியாகராயரும் அதே 1925-இல் மறைந்தார். 1927-இல் மீண்டும் உலை கொதித்தது. 25 பள்ளிகளில் சுமார் 1,000 ஏழைப் பிள்ளைகள் உண்டனர். பிறகு 1956-இல் காமராசர் அதை நாடெங்கும் கொண்டுசென்றார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டி வந்தது.

இவ்வளவையும் காட்டுப்பள்ளியில் சொல்லி முடித்தோம். ஒரு தாய் குறுக்கிட்டார். சோறு கிடைக்கிறது, சரி. பள்ளிவிட்டு வரும் பிள்ளை காற்றடைத்த பொட்டலத்துக்கல்லவா காசு கேட்கிறது என்றார். தம் பாட்டி ஆற்றிலே பிடித்து ஆக்கிப்போட்ட மடவையும் இறாலும் சாம்பலும் சுடுநீரும் கலந்த தண்ணீரில் அருகிவிட்டன என்றும் சொன்னார். அதற்குத் தியாகராயர் கதையிலே விடை தேடிப் பயனில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போய், கீரை வாரம் எத்தனை நாள் விழுகிறது, மாலையில் சுண்டல் தர வழியுண்டா என்று கேட்பதாகத் தோழர்கள் இருவர் ஒப்புக்கொண்டனர். கூட்ட நாளைக் குறித்துக்கொண்டு திரும்பினோம்.