ஜே. சி. குமரப்பா

ஜோசப் செல்லத்துரை குமரப்பா (சனவரி 4, 1892 – சனவரி 30, 1960) தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். காந்தியின் பொருளாதாரக் கருத்துக்களுக்குக் கணக்கும் கோட்பாடும் சேர்த்து ஓர் ஒழுங்கான வடிவம் தந்தவர்களுள் இவரே முதன்மையானவர். அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்து, உரலும் உலக்கையும், செக்கும், பனையும், கதிரும் சிற்றூர் ஏழைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எவ்வாறு வருவாய் தர இயலும் என்பதைச் செயல்முறையில் ஆராய்ந்தார். இயற்கை வளங்களை அழிக்காமல் வாழும் பொருளாதாரத்தைப் பற்றி 1940களிலேயே நூல் எழுதினார்.

பிறப்பும் கல்வியும்

குமரப்பா தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி கொர்னேலியசு பொதுப்பணித் துறையில் அலுவலராக இருந்தவர். தாயார் எஸ்தர் இராஜநாயகம். அக்காலக் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கப்படி இவரும் இளமையில் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியசு என்றே அழைக்கப்பட்டார். பின்னாளில், 1929ஆம் ஆண்டளவில், குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை ஏற்றுக்கொண்டார். இவருடைய சகோதரர் பரதன் குமரப்பாவும் காந்தியப் பணிகளில் ஈடுபட்டவர் ஆவார்.

இலண்டன் சென்று கணக்காய்வுத் துறையில் பயிற்சி பெற்ற குமரப்பா, 1919இல் இந்தியா திரும்பிப் பம்பாயில் (இன்றைய மும்பை) தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். வாழ்க்கை முறையில் அப்போது அவர் முற்றிலும் மேல்நாட்டவராகவே இருந்தார்.

1927இல் ஐக்கிய அமெரிக்கா சென்று, சிராக்கியூசு பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகத்தில் பட்டம் பெற்றார். அதன்பின் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் பயின்றார். இந்தியா ஏன் வறுமையில் உள்ளது என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் எட்வின் செலிக்மன், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு தூண்டினார். ஆங்கிலேய அரசு வரியாகத் திரட்டிய பணம் எங்கே செல்கிறது, எதற்குச் செலவாகிறது என்று அரசின் கணக்குகளைக் கொண்டே ஆராய்ந்தபோது, இந்திய மக்களின் வறுமைக்கும் அயலாட்சியின் நிதிக் கொள்கைக்கும் உள்ள தொடர்பு குமரப்பாவுக்குத் தெளிவாயிற்று. இந்த ஆய்வே அவரைத் தேசிய இயக்கத்தின் பக்கம் திருப்பியது.

காந்தியுடன் சந்திப்பு

ஆய்வேட்டை வெளியிடும் நோக்கில், 1929 மே மாதத்தில் குமரப்பா சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். மேல்நாட்டு உடையில் வந்த அவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரே காந்தி என்பதை முதலில் அறியவில்லை என்பர். ஆய்வேடு காந்தியின் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் நூலாகவும் அச்சாயிற்று.

காந்தி அவரிடம் மற்றொரு பணியையும் ஒப்படைத்தார். குசராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுப்பதே அப்பணி. குசராத் வித்யாபீட மாணவர்களைக் கொண்டு குமரப்பா அதனை நடத்தினார். குடும்பங்களின் வருவாய், செலவு, கடன், கால்நடை, நிலவரி ஆகியன வீடுதோறும் சென்று திரட்டப்பட்டன. உழவரின் உண்மையான வருவாயோடு ஒப்பிடுகையில் நிலவரி தாங்க முடியாத சுமையாக இருந்ததை இவ்வாய்வு எடுத்துக்காட்டியது. ஏட்டறிவோடு நில்லாமல், ஊர் மக்களின் அடுப்பங்கரை வரை சென்று கணக்கெடுக்கும் முறையை அவர் பின்னரும் கைவிடவில்லை.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது 'யங் இந்தியா' இதழை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. இதன் விளைவாக 1931இலும் 1932இலும் சிறைத்தண்டனை அடைந்தார்.

பீகார் நிலநடுக்கம்

1934 சனவரி 15இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இராசேந்திர பிரசாத் தலைமையில் நடந்த துயர்தணிப்புப் பணியின் நிதிப் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என வரையறுத்தார். காந்தியும் உடன் வந்தோரும் பாட்னா வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் சேர்க்க இயலாது எனத் தெரிவித்துவிட்டார். காந்தி அதனை ஏற்றுக்கொண்டார். பொதுப்பணத்தில் ஒரு காசும் ஏழையின் காசு என்று கருதிய தணிக்கையாளரின் கண்டிப்பாக இந்நிகழ்ச்சி நினைவுகூரப்படுகிறது.

கிராமக் கைத்தொழில் சங்கம்

1934 அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரசு மாநாட்டின் தீர்மானப்படி, அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளரும் அமைப்பாளரும் ஆனார். ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம் அதன் தலைமையிடமாயிற்று. மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடத்திற்கு மகன்வாடி எனப் பெயரிடப்பட்டது.

கைக்குத்தல் அரிசி, திரிகை மாவு, செக்கெண்ணெய், வெல்லம், தேனீ வளர்ப்பு, கைக் காகிதம், சவர்க்காரம், மட்பாண்டம், தோல் பதனிடல் ஆகிய தொழில்களில் இங்கு ஆய்வும் பயிற்சியும் நடந்தன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்னும் விளக்கு உருவாக்கப்பட்டது. புகை குறைந்த அடுப்பு ஒன்றும் அமைக்கப்பட்டது. மாட்டுச் செக்கு திருத்தியமைக்கப்பட்டது. குப்பையையும் மனிதக் கழிவையும் மட்கச் செய்து எருவாக்கும் முறை கற்பிக்கப்பட்டது. 'கிராம உத்யோக் பத்திரிகா' என்னும் மாத இதழைக் குமரப்பா நடத்தினார். 1938 டிசம்பர் 30இல் மகன் சங்கிரகாலயம் என்னும் கைத்தொழில் அருங்காட்சியகத்தைக் காந்தி திறந்து வைத்தார்.

பெண்களின் உழைப்பும் வருவாயும்

குமரப்பா முன்வைத்த தொழில்களில் பல, பெண்களின் கையில் இருந்தவை. நெல் குத்துதல், மாவரைத்தல், நூல் நூற்றல் ஆகியவை நிலமற்ற குடும்பப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் ஊரிலேயே கிடைத்த வேலைகள் ஆகும். அரிசி ஆலை வந்த ஊரில், பலர் பகிர்ந்து பெற்ற குத்துகூலி ஆலை உரிமையாளருக்கும் ஒரு சில வேலையாட்களுக்கும் போயிற்று. ஆலை அரிசி மலிவாகத் தோன்றினாலும், வேலை இழந்த பெண்ணின் கூலியையும், தவிட்டோடு போன சத்தையும் கணக்கில் சேர்த்தால் அது மலிவு அன்று என்பது குமரப்பாவின் வாதம். நன்கு தீட்டிய அரிசியை மட்டும் உண்போருக்கு உயிர்ச்சத்துக் குறைவால் பெரிபெரி நோய் வருவதை மருத்துவ ஆய்வுகள் ஏற்கனவே நிறுவியிருந்தன.

பனைத்தொழிலும் இவ்வாறே அவருடைய கவனத்தைப் பெற்றது. பனை பெரும்பாலும் தரிசிலும் வரப்பிலும் வளர்வது. அதற்கு நீர்ப்பாசனம் தேவையில்லை. சர்க்கரைக்குப் பனையை நம்பினால், கரும்பு விளையும் நல்ல நிலத்தை உணவுத் தானியங்களுக்கு விடலாம் என்றார். மேலும், மதுவிலக்கினால் வேலை இழக்கும் கள் இறக்குவோர் பதநீர் இறக்கிப் பிழைக்க வழி உண்டு. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் ஆண்கள் மரம் ஏறுவதும், பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதும் வழக்கம். ஆதலால் இத்தொழிலின் வருவாய் குடும்பம் முழுவதன் உழைப்பினால் வருவது.

நூற்பவருக்கு வாழ்வதற்குப் போதிய கூலி தரவேண்டும் என்ற கோரிக்கையைக் காந்தி 1935இல் எழுப்பியபோது, அகில இந்திய நூற்போர் சங்கம் கூலியை உயர்த்த முடிவு செய்தது. நூற்போரில் பெரும்பாலோர் பெண்கள். இதனால் கதர் விலை ஏறும், விற்பனை குறையும் என்ற அச்சம் இருந்தது. பொருளின் விலை குறைவாக இருப்பதற்காக அதனைச் செய்தவர் பட்டினி கிடக்கக் கூடாது என்பது கிராமத்தொழில் இயக்கத்தின் அடிப்படைக் கொள்கையாயிற்று.

வாங்குபவரின் பொறுப்பு பற்றியும் குமரப்பா விரிவாக எழுதினார். கட்டாய உழைப்பினால் ஆப்பிரிக்காவில் விளைந்த கொக்கோவைப் பருகுபவர், அக்கொடுமையில் தமக்குப் பங்கில்லை என்று கூற இயலாது என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. அண்டை ஊரில் செய்த பொருளாயின், அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதை வாங்குபவர் அறிய முடியும்; தொலைவிலிருந்து வரும் பொருளில் அது இயலாது. வீட்டுக்கு வேண்டியவற்றை அன்றாடம் வாங்குவதும் பொருளாதாரச் செயலே என்பது இதிலிருந்து பெறப்படும்.

பொருளாதாரக் கோட்பாடு

1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டக் காலத்தில் குமரப்பா மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது, இயேசுவின் போதனைகளைப் பற்றிய ஒரு நூலையும், நிலைத்த பொருளாதாரம் எனப் பொருள்படும் 'எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்' என்னும் நூலையும் எழுதினார். இரண்டுக்கும் காந்தி முன்னுரை வழங்கினார். பின்னது இவருடைய நூல்களில் மிகவும் அறியப்பட்டது.

இந்நூலில் பொருளாதார முறைகளை அவர் ஐந்து படிகளாக வகுத்தார்.

1. ஒட்டுண்ணி முறை: ஆட்டைக் கொன்று தின்னும் புலியைப் போல, பிற உயிரை அழித்துத் தான் வாழ்வது.
2. கொள்ளை முறை: மாந்தோப்பில் புகுந்த குரங்கைப் போல, எதுவும் தராமல் பயனை மட்டும் பெறுவது.
3. முயற்சி முறை: உழுது, எருவிட்டு, நீர் பாய்ச்சி விளைவிக்கும் உழவரைப் போல, உழைத்துப் பெறுவது.
4. கூட்டு முறை: தேனீக்களைப் போல, தனி நலம் கருதாமல் தன் கூட்டத்திற்காக உழைப்பது.
5. சேவை முறை: குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையைப் போல, கைம்மாறு கருதாமல் தருவது.

வளங்களையும் அவர் இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், கனிமங்கள் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு வளங்கள். மரம், பயிர், கால்நடை, ஓடும் நீர் ஆகியவற்றால் கிடைப்பவை மீண்டும் மீண்டும் வரும் ஓட்ட வளங்கள். இருப்பு வளத்தைச் சார்ந்த பொருளாதாரம் போட்டிக்கும் போருக்கும் இட்டுச் செல்லும் என்றும், ஓட்ட வளத்தைச் சார்ந்ததே நிலைத்திருக்கும் என்றும் வாதிட்டார். இழுவை இயந்திரம் சாணம் இடாது என்பதை நினைவூட்டி, மாட்டையும் எருவையும் விட்டு வேளாண்மையை எண்ணெய்க்கும் வேதி உரத்துக்கும் அடகு வைப்பதை எதிர்த்தார். ஒரு வட்டாரத்தின் மக்கள் தொகைக்குச் சமச்சீர் உணவு கிடைக்க, எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் ஒதுக்கவேண்டும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்.

விடுதலைக்குப் பின்

1938இல் நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பா உறுப்பினரானார். ஆனால், பெருந்தொழில்களை மையமாகக் கொண்ட அதன் போக்கை ஏற்காமல் விரைவிலேயே விலகினார். இக்கருத்து வேறுபாடு விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்தது.

காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்து 1949இல் அறிக்கை அளித்தார். இடைத்தரகர்களை ஒழித்தல், உழுபவருக்கே நிலம், நில உச்சவரம்பு ஆகியன அதன் பரிந்துரைகளாகும். நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்த அக்குழு, கைம்பெண்கள், சிறுவர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு அளித்தது. நிலம் மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்தமையாலும், நிலவுடைமையாளரின் செல்வாக்காலும் பரிந்துரைகளில் பல முழுமையாக நிறைவேறவில்லை.

1950களின் தொடக்கத்தில் சீனா, சப்பான், சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளுக்குச் சென்று வந்தார். உடல்நலம் குன்றியதால், மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இறுதிக் காலத்தைக் கழித்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர், காந்தி மறைந்த அதே நாளான சனவரி 30இல், 1960ஆம் ஆண்டு காலமானார்.

விமர்சனங்கள்

குமரப்பாவின் கருத்துக்கள் அவர் காலத்திலேயே விமர்சிக்கப்பட்டன. பெருகும் மக்கள் தொகைக்குக் கைத்தொழில்களால் மட்டும் வேலையும் பொருளும் தர இயலாது என்று திட்ட வல்லுநர்கள் கருதினர். உலக்கை பிடிப்பது கடும் உழைப்பு என்பதும், அதற்குக் கிடைத்த கூலி குறைவு என்பதும் மறுக்க முடியாதவை. குமரப்பா எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கவில்லை. கருவிகளைத் திருத்தி உழைப்பைக் குறைப்பதையும், தொடர்வண்டி, அஞ்சல், மின்சாரம் போன்றவற்றைப் பொதுவுடைமையாகப் பேணுவதையும் அவர் ஏற்றார். ஓர் இயந்திரம் எத்தனை பேரின் வாழ்வைப் பறிக்கிறது, அதன் ஆதாயம் யாரைச் சேர்கிறது என்பவையே அவர் எழுப்பிய வினாக்கள்.

தாக்கமும் நினைவும்

கிராமத்தொழில் சங்கம் தொடங்கிய பணிகளில் பல, 1957இல் நிறுவப்பட்ட காதி கிராமத் தொழில் ஆணையத்தின் வழியே அரசுத் திட்டங்களாயின. 1973இல் வெளிவந்த 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' நூலில் எர்னசுடு சூமாக்கர், உழைப்பின் பயன் பற்றிய குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டுள்ளார். செய்ப்பூரில் குமரப்பா கிராம சுயராச்சிய நிறுவனம் இவர் பெயரில் அமைந்தது. 2016இல் வேணு மாதவ் கோவிந்து, தீபக் மல்கான் ஆகியோர் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது.

சூழலியல், கிராமப் பொருளாதாரம், பெண்களின் கணக்கில் வராத உழைப்பு ஆகிய துறைகளில் பயில்வோர் இன்று இவருடைய எழுத்துக்களை மீண்டும் படித்து வருகின்றனர்.