மலையை நகர்த்தக் கற்றுக்கொண்ட வார்ப்பகச் சிறுவன்

நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது எங்கள் புளோக்கிற்குப் பின்னால் எம்ஆர்டி கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தது. பள்ளி முடிந்து வரும்போது தடுப்புப் பலகைகளுக்கு இடையிலிருந்த இடுக்கு வழியாக உள்ளே பார்ப்பேன். மஞ்சள் நிற எக்ஸ்கவேட்டர் ஒன்று மண்ணை அள்ளி லாரியில் கொட்டும். லாரி நிறைந்ததும் அதன் டயர்கள் சற்றே அமுங்கும். என் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு தாத்தா பொறுமையாக நிற்பார்.

இன்று நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். அந்த ஆசை மட்டும் மாறவில்லை. நண்பர்கள் காற்பந்து வீரர்களின் கோல் கணக்கைச் சொன்னால் நான் கனரக வாகனங்களின் எடையைச் சொல்வேன். ஆனால் இந்த இயந்திரங்களை யார் உருவாக்கினார்கள் என்று நீண்ட காலம் நான் யோசித்ததே இல்லை. யோசித்துத் தேடியபோது கிடைத்த பெயர்களில் என்னை அதிகம் கவர்ந்தது ஆர். ஜி. லெட்டூர்னோ. அவர் 14 வயதில் பள்ளியை விட்டவர். பின்னாளில் தம் பெயரில் 299 காப்புரிமைகளைச் சேர்த்தவர்.

நெருப்பும் இரும்பும்

ராபர்ட் கில்மோர் லெட்டூர்னோ 1888ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் முதலில் மினசோட்டாவுக்கும், பிறகு மேற்குக் கரையோரம் உள்ள போர்ட்லண்ட் நகருக்கும் இடம்பெயர்ந்தது. படிப்பில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. 14 வயதில் பள்ளியிலிருந்து விலகி, ஓர் இரும்பு வார்ப்பகத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி உருவம் கொடுப்பது அங்கே அவர் செய்த வேலை.

அந்தக் காலத்தில் அவருக்கு அஞ்சல்வழிக் கல்விப் பாடநூல்கள் கிடைத்தன. இயந்திரவியல் பாடங்களை ஆர்வமாகப் படித்தார். ஆனால் எழுதி அனுப்ப வேண்டிய பயிற்சிகளை அவர் முடிக்கவே இல்லை. படித்ததை வேலையில் செய்து பார்ப்பதுதான் அவருக்குப் பயிற்சியாக இருந்தது.

பிறகு சான் பிரான்சிஸ்கோ சென்று ஒரு மின் நிலையத்தில் வேலை செய்தார். வெல்டிங்கும் மின்சாரமும் அங்கேதான் அவருக்கு அறிமுகமாயின. 1909ல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகருக்கு வந்தார். விறகு வெட்டினார், பண்ணையில் உழைத்தார், சுரங்கத்தில் இறங்கினார், தச்சருக்கு உதவியாளராக இருந்தார். 1911ல் ஒரு கார் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்து, பின்னர் அதன் பாதிப் பங்குக்கு உரிமையாளரானார். அந்த வயதில் அவரைப் பார்த்தவர்கள், எதிலும் நிலைக்காத இளைஞர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முதல் உலகப் போரின்போது அவர் கடற்படைக் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்தார். திரும்பி வந்தபோது பட்டறைத் தொழில் நொடித்துப் போயிருந்தது, கடன்தான் மிஞ்சியது. அவருக்கும் மனைவி ஈவ்லினுக்கும் பிறந்த முதல் குழந்தையை 1919ல் விஷக்காய்ச்சல் பறித்துக்கொண்டது. 30 வயதில் கையில் பணம் இல்லை, தொழிலும் இல்லை, வீட்டில் பெரும் துயரம்.

நாற்பது ஏக்கர் நிலம்

அந்த நேரத்தில்தான் ஒரு விவசாயியின் ஹோல்ட் டிராக்டரைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. சக்கரங்களுக்குப் பதில் சங்கிலித் தடத்தில் ஓடும் டிராக்டர் அது. பழுது நீங்கியதும், அதே டிராக்டரைக் கொண்டு 40 ஏக்கர் நிலத்தைச் சமன்செய்து தரும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

டிராக்டர் இழுத்துச் சென்ற கருவியின் பெயர் ஸ்கிரேப்பர். அடிப்பகுதியில் கத்தி பொருத்திய பெரிய தொட்டி என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். தச்சர் இழைப்புளியால் மரத்தைச் சீவுவதுபோல் அது நிலத்தின் மேல்மண்ணைச் சீவித் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்ளும். வேண்டிய இடத்துக்குப் போய் அந்த மண்ணைப் பரப்பிவிடும். அதற்கு முன்பெல்லாம் குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான் சிறிய ஸ்கிரேப்பர்களை இழுத்தன.

மேடுபள்ளமாகக் கிடந்த நிலம் கண்ணெதிரே தட்டையாக மாறியது லெட்டூர்னோவைக் கட்டிப்போட்டது. 1920 ஜனவரியில் பழைய ஹோல்ட் டிராக்டர் ஒன்றை வாங்கி, ஸ்கிரேப்பரை வாடகைக்கு எடுத்து, நிலம் சமன்செய்யும் தொழிலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் ஸ்டாக்டனில் ஒரு மனை வாங்கி, தமக்கென ஒரு பட்டறை போட்டார்.

அன்றைய கனரகக் கருவிகள் பெரும்பாலும் தகடுகளைத் துளையிட்டு, ஆணிகளால் இணைத்துச் செய்யப்பட்டவை. அதனால் எடை கூடும், இணைப்புகளும் நாளடைவில் தளரும். லெட்டூர்னோ தகடுகளை வெல்டிங் செய்து இணைத்தார். வெல்டிங் என்பது உடைந்ததை ஒட்டும் வேலை, முழு இயந்திரத்தையே அதை நம்பிக் கட்ட முடியாது என்று பலர் கருதிய காலம் அது. அவருடைய ஸ்கிரேப்பர்கள் எடை குறைவாகவும் உறுதியாகவும் இருந்தன. 1923ல் மின்மோட்டார்களால் தானாகவே ஓடும் ஸ்கிரேப்பரையும் அவர் செய்து பார்த்தார். அது ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. ஆனாலும் அந்த யோசனையை அவர் தூக்கி எறியவில்லை, பிற்காலத்துக்காக மனத்தில் வைத்துக்கொண்டார்.

இரும்புச் சக்கரத்திலிருந்து டயருக்கு

1929ல் அவருடைய தொழில் முறையான நிறுவனமாகப் பதிவானது. சாலைகள், அணைகள், ஆற்றுக் கரைகள் எனப் பல குத்தகைகளை எடுத்தார். அவற்றுள் ஒன்று, இன்று ஹூவர் அணை எனப்படும் பெரிய அணைக்குச் செல்லும் சாலை. அங்கிருந்த பாறை அவர் போட்ட கணக்கைவிடக் கடினமாக இருந்தது. அந்தக் குத்தகையில் அவர் பெரும் நட்டப்பட்டார்.

ஆனால் குத்தகைக்காரராக இருந்த அந்த ஆண்டுகள் அவருக்கு ஒன்றைக் கொடுத்தன. இயந்திரம் எங்கே உடைகிறது, எங்கே சிக்குகிறது, எங்கே நேரம் வீணாகிறது என்பதைத் தளத்தில் நின்றே அவர் பார்த்தார். இரும்புச் சக்கரங்கள் மணலில் புதைவதைக் கண்டு, 1932ல் ஸ்கிரேப்பருக்குக் காற்றழுத்தம் குறைந்த பெரிய ரப்பர் டயர்களைப் பொருத்தினார். கூரான கற்கள் டயரைக் கிழித்துவிடாதா என்ற சந்தேகம் எழுந்தது. அகன்ற டயர் எடையைப் பரப்பி மணலின் மேல் மிதப்பதுபோல் ஓடியதும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. இன்று கட்டுமானத் தளத்திலும் சுரங்கத்திலும் ஆளுயரத்தைவிடப் பெரிய டயர்களைப் பார்க்கும்போது நமக்கு வியப்பு வருகிறது. அந்தப் பாதையின் தொடக்கத்தில் மணலில் புதைந்த ஓர் இரும்புச் சக்கரம் இருக்கிறது.

1933ல் குத்தகைத் தொழிலை விட்டு இயந்திரத் தயாரிப்பில் முழுமையாக இறங்கினார். 1935ல் இலினாய் மாநிலத்தின் பியோரியாவில் தொழிற்சாலை அமைத்தார். கேட்டர்பில்லர் நிறுவனத்தின் ஊர் அது. அவர்களின் டிராக்டர்களுக்கு இவருடைய ஸ்கிரேப்பர்களும் புல்டோசர் கத்திகளும் பொருத்தமான துணைக்கருவிகளாக விற்பனையாயின. அந்தப் பத்தாண்டின் இறுதியில் 'டூர்னாபுல்' வந்தது. இரண்டே இரண்டு பெரிய டயர்கள் கொண்ட இழுவை வாகனமும் ஸ்கிரேப்பரும் ஒன்றாக இணைந்து வேகமாக ஓடும் இயந்திரம் அது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பசிபிக் தீவுகளில் விமான ஓடுபாதைகளை நாள்கணக்கில் அமைக்க வேண்டியிருந்தது. போரில் நேச நாடுகள் பயன்படுத்திய மண்வேலை இயந்திரங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்தவை எனக் கூறப்படுகிறது.

கடலில் நின்ற கால்கள்

1953ல் அவர் தமது மண்வேலை இயந்திரப் பிரிவை வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் நிறுவனத்துக்கு விற்றார். ஐந்து ஆண்டுகளுக்கு அதே வகை இயந்திரங்களைச் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. 64 வயதில் வேறு ஒருவராக இருந்தால் ஓய்வெடுத்திருப்பார். லெட்டூர்னோ கடலின் பக்கம் திரும்பினார்.

கடலடியில் எண்ணெய் தோண்டுவதற்கு, மூன்று கால்களில் நிற்கும் மிதவை மேடை ஒன்றை வடிவமைத்தார். மேடையை மிதக்கவிட்டு இழுத்துச் செல்லலாம். இடம் வந்ததும் மின்மோட்டார்கள் பற்சக்கரங்களைச் சுழற்றிக் கால்களைக் கடலடிக்கு இறக்கும். பிறகு மேடை அந்தக் கால்களின்மேல் தன்னையே உயர்த்திக்கொள்ளும். கப்பல் கட்டிப் பழகாதவரின் இந்தத் திட்டத்தை ஏற்கப் பலர் தயங்கினர். 'ஸப்பாட்டா' என்ற சிறு எண்ணெய் நிறுவனம் ஏற்றது. மேடை வேலை செய்யாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். 'ஸ்கார்ப்பியன்' என்ற அந்த மேடை 1956ல் கடலில் இறங்கியது. ஸப்பாட்டாவின் தலைவராக இருந்த இளைஞர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் பின்னாளில் அமெரிக்க அதிபரானார்.

சிங்கப்பூர் மாணவர்களுக்கு இந்த மேடை அந்நியமானதல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த கால் ஊன்றும் எண்ணெய் மேடைகளைக் கட்டுவதில் நம் கப்பல் பட்டறைகள் உலகின் முன்னணியில் இருந்திருக்கின்றன. துவாஸ் பக்கம் போகும்போது வானத்தை நோக்கி நிற்கும் பின்னல் கோபுரங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவை அந்த மேடைகளின் கால்கள்.

எல்லாம் வெற்றி அல்ல

லெட்டூர்னோவை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சாலையே இல்லாத இடங்களில் சரக்கு ஏற்றிச் செல்ல, அமெரிக்க ராணுவத்துக்காக அவர் ஒரு தரைவழி ரயிலைக் கட்டினார். தண்டவாளம் கிடையாது. சுமார் 174 மீட்டர் நீளம், 54 சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மின்மோட்டார். 1962ல் அரிசோனா பாலைவனத்தில் அது ஓடிக் காட்டியது. ஆனால் கனமான சரக்கைத் தூக்கும் ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டதால் அதற்கு வேலை இல்லாமல் போனது. பெட்டிகள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. முகப்பு வண்டி மட்டும் இன்றும் யூமாவில் காட்சிக்கு நிற்கிறது.

காட்டு மரங்களை மிதித்து நொறுக்கும் ராட்சத இயந்திரத்தையும் அவர் செய்தார். காட்டை அழித்து நிலமாக்குவதே முன்னேற்றம் என்று நம்பிய காலம் அது. மழைக்காடுகளுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு அந்த இயந்திரத்தின் படத்தைப் பார்க்கும்போது வியப்போடு சங்கடமும் வருகிறது. மண்ணை நகர்த்தும் ஆற்றல் கிடைத்த பிறகு, எந்த மண்ணை நகர்த்தலாம் என்ற கேள்வியை அவருடைய தலைமுறை போதுமான அளவு கேட்கவில்லை. அதை நம் தலைமுறைதான் கேட்க வேண்டும்.

அதே நேரத்தில், தோற்ற யோசனைகளும் வீணாகவில்லை. 1923ல் ஆமை வேகத்தில் நகர்ந்த மின்மோட்டார் யோசனைதான் பிறகு சக்கரத்துக்கு ஒரு மோட்டார் என வளர்ந்தது. இன்று சுரங்கங்களில் ஒரே அள்ளலில் 72 டன் வரை தூக்கக்கூடிய உலகின் மிகப்பெரிய சக்கர அள்ளு இயந்திரம், அவருடைய நிறுவனத்தின் வழிவந்தது. அதன் நான்கு சக்கரங்களிலும் மின்மோட்டார்கள் இருக்கின்றன.

பள்ளியை விட்டவர் தொடங்கிய பள்ளி

படிப்பைப் பாதியில் விட்டு வென்றவர்களின் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். படிப்பு தேவையில்லை என்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டும் நண்பர்களும் நமக்கு உண்டு. லெட்டூர்னோ அந்தப் பட்டியலில் அடங்கமாட்டார். 1946ல் அவரும் ஈவ்லினும் டெக்சாஸின் லாங்வியூ நகரில், போர்க்கால ராணுவ மருத்துவமனையாக இருந்த இடத்தில், ஒரு தொழில்நுட்பக் கழகத்தைத் தொடங்கினார்கள். போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அங்கே சேர்ந்தனர். வகுப்பும் தொழிற்சாலை வேலையும் மாறி மாறி நடந்தன. அது இன்று லெட்டூர்னோ பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. ஆழ்ந்த கிறிஸ்துவப் பற்றுடைய அந்தத் தம்பதியர் வருமானத்தில் 90 விழுக்காட்டைச் சமயப் பணிகளுக்குக் கொடுத்து, மீதி 10 விழுக்காட்டில் வாழ்ந்ததும் பலர் அறிந்த செய்தி. 1969 ஜூன் 1ஆம் தேதி, 80 வயதில் அவர் காலமானார்.

சென்ற விடுமுறையில் ஒரு கட்டுமானத் தளத்தில் வேலைப் பயிற்சிக்குச் சென்றேன். மண்ணின் சரிவுக் கோணத்தைக் கணக்கிட எனக்குத் தெரியும். ஆனால் எக்ஸ்கவேட்டர் ஓட்டிய தமிழக அண்ணன் ஒருவர், வாளியின் பற்கள் மண்ணில் இறங்கும் சத்தத்தை வைத்தே, அடியில் ஈரம் இருக்கிறது, இங்கே லாரியை நிறுத்த வேண்டாம் என்று சொன்னார். சற்று நேரத்தில் தோண்டிய இடத்தில் தண்ணீர் ஊறியது. என் குறிப்பேட்டில் அந்தச் சத்தத்துக்கு எந்தச் சூத்திரமும் இல்லை. அவர் எந்த ஊரில் கற்றார், யாரிடம் கற்றார் என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் அவர் என்னை வியப்போடு பார்த்தார். அங்கு வரும் மாணவர்கள் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம், பல்கலைக்கழகம் என்று நாம் எங்கே படித்தாலும், கையால் கற்றதையும் ஏட்டால் கற்றதையும் இரண்டு தட்டுகளில் வைத்து எடைபோடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. லெட்டூர்னோ அந்தத் தராசையே பயன்படுத்தவில்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். அடுத்த முறை ஒரு தடுப்புப் பலகையின் இடுக்கு வழியாக மஞ்சள் இயந்திரம் ஒன்றைப் பார்த்தால், ஒரு நிமிடம் நில்லுங்கள். இயந்திரத்தைப் பார்த்த பிறகு, அதை ஓட்டுபவரையும் பாருங்கள்.