அச்சத்துடன் நடந்த அம்மையார்: மேரி ஸ்லெசர்

அச்சமே அறியாதவர் என்று உலகம் சிலரைப் போற்றுகின்றது. அத்தகையோர் வரலாறு கேட்பதற்கு இனியது. ஆயினும் நம்மனோர்க்கு அதனால் விளையும் பயன் சிறிதே. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் இவ்வூருக்கு வந்த புதிதில், மொழி தெரியாது, மேலதிகாரியின் அறை வாயிலில் கோப்பும் கையுமாய் நாம் நடுங்கி நின்ற நாட்கள் பல. நம் சங்கத்து அன்பர் பலருக்கும் இவ்வனுபவம் உண்டு. ஆதலின், இயல்பாகவே அச்சம் மிகுந்திருந்தும் அரும்பணி ஆற்றிய ஓர் அம்மையாரின் வாழ்வை இம்மலரில் எழுத விழைந்தோம்.

மேரி ஸ்லெசர் 1848ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில் பிறந்தார். தந்தை காலணி தைக்கும் தொழிலாளி. அவரது குடிப்பழக்கத்தால் குடும்பம் வறுமையுற்றது. டண்டீ நகருக்குக் குடிபெயர்ந்தபின், 11 வயதிலேயே மேரி நெசவாலைக்குச் சென்றார். அரை நாள் வேலை, அரை நாள் படிப்பு. சில ஆண்டுகளில் முழு நேரத் தொழிலாளியானார்.

மேரியின் அச்சங்கள் பலவாம். மாடு நிற்கும் வயல்வழியே செல்ல மாட்டார். வண்டிகள் விரையும் வீதியைத் தனியே கடக்க அஞ்சுவார். ஆடவர் அமர்ந்த அவையில் பேச அவருக்கு நா எழாது. ஆயினும் ஏழைச் சிறுவர்க்கு வேதபாடம் கற்பிக்கும் பணியை ஏற்றார். ஒருநாள் முரட்டு இளைஞர் சிலர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஒருவன் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை அவர் முகத்தருகே சுழற்றினான். தாம் அசையாது நின்றால் அவர்கள் வகுப்பிற்கு வரவேண்டும் என்று மேரி பேசிக்கொண்டார். குண்டு நெற்றியைத் தொடுமளவு நெருங்கியும் அவர் அசையவில்லை. இளைஞர்கள் சொன்னபடியே வந்தனர்.

1876ஆம் ஆண்டு, 27 வயதில், மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதிக்குக் கப்பலேறினார். இன்று அது நைஜீரியா நாட்டைச் சேர்ந்தது. அங்கே அவர் முதலில் செய்தது எஃபிக் மொழியை நன்கு கற்றதே. மொழி வசமாகவே, அயலார் என்ற அச்சம் பாதி அகன்றது. பின்னர் அம்மக்களின் உணவையே உண்டு, அவர்களைப் போன்றே எளிய வீட்டில் வாழ்ந்தார்.

ஒகொயோங் என்னும் உட்பகுதிக்குச் செல்லப் பலரும் அஞ்சினர். மேரி முன்னதாகச் சென்று தலைவர்களைக் கண்டு, இடம் கேட்டுப் பெற்றார். 1888 ஆகஸ்டில், மழையினூடே, வளர்ப்புக் குழந்தைகளுடன் இருண்ட காட்டுவழியே நடந்து அங்கே குடியேறினார். குழந்தைகளின் அச்சம் தீரப் பாடிக்கொண்டே சென்றார். சிறுத்தைகள் உலவும் காட்டில் இரவில் நடக்கும்போதெல்லாம், சிங்கக் கெபியில் தானியேலைக் காத்த ஆண்டவரிடம் வேண்டிக்கொள்வார். உரத்த குரலிலும் பாடுவார். வேண்டுதல் நெஞ்சைத் திடப்படுத்திற்று. ஓசை விலங்கை விலக்கிற்று. இரண்டையும் அவர் கைவிடவில்லை.

இரட்டைக் குழந்தைகள் பிறப்பது தீங்கெனக் கருதி அவற்றைக் கொல்லும் வழக்கம் அந்நாளில் அங்கு இருந்தது. மேரி அத்தகைய குழந்தைகள் பலரைக் காத்து, சிலரைத் தம் மக்களாகவே வளர்த்தார். சினங்கொண்டோர் வழக்குரைக்கக் கூடினால், பின்னல் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பொறுமையாய்க் கேட்பார். 1892இல் ஆங்கில அரசு அவரைத் துணைத்தூதராக்கி, வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பையும் அளித்தது. பலமுறை காய்ச்சலால் நலிந்தும் பணியைத் தொடர்ந்து, 1915ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், 66ஆம் வயதில், அம்மண்ணிலேயே உயிர்நீத்தார்.

இதில் நாம் வியப்பது ஒன்றுண்டு. ஆயுதம் ஏந்தியோர் நடுவே நின்ற அவ்வம்மையார், விடுப்பில் தாய்நாடு திரும்பியபோது வீதியைக் கடக்க முன்போலவே அஞ்சினார், துணை தேடினார். அச்சம் அவரை விட்டு நீங்கவே இல்லை. மொழி கற்றார், முன்சென்று பேசினார், துணை கொண்டார், பாடினார், ஆண்டவரை நம்பி அடுத்த அடியை எடுத்து வைத்தார். அவ்வளவே.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில், புதிய பள்ளிக்குச் செல்ல அஞ்சும் குழந்தையும், கடைக்காரரிடம் இந்தியில் பேசக் கூசும் தாய்மாரும் உண்டு. அச்சம் போகட்டும், பிறகு செல்வோம் என்று காத்திருத்தல் வேண்டா. அவரவர் வணங்கும் இறைவனை நினைந்து, அச்சத்தையும் உடன் அழைத்துக்கொண்டு வாயிற்படியைத் தாண்டுவோமாக.