கடல் யாருக்குச் சொந்தம்?

கடலுக்கு வேலி போட முடியுமா? முடியும் என்றே ஐரோப்பிய அரசர்கள் ஒரு காலத்தில் எண்ணினர். 1494-ஆம் ஆண்டு ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஓர் உடன்படிக்கை செய்து, ஐரோப்பாவுக்கு அப்பாலிருந்த உலகைத் தமக்குள் பங்கு போட்டுக்கொண்டன. அந்த வேலியைப் பேனாவினால் தகர்க்க முயன்றவர் ஹியூகோ குரோஷியஸ்.

இவர் 1583-ஆம் ஆண்டு ஹாலந்திலுள்ள டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். 11-ஆம் வயதிலேயே லெய்டன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, இளமையிலேயே சிறந்த வழக்கறிஞர் எனப் பெயர் பெற்றார்.

1603-இல் சிங்கப்பூர் அருகே டச்சுக்காரர்கள் சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துக்கீசியக் கப்பலைப் பிடித்தனர். அதிலிருந்த சீனப் பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் 30 இலட்சம் கில்டருக்கும் மேலாக ஏலம் போயின. இது கொள்ளையல்லவா என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர் சிலருக்கே மனச்சாட்சி உறுத்தியது. கம்பெனிக்காக வாதாடிய குரோஷியஸ், கடல் காற்றைப் போல எல்லோருக்கும் பொது, அதை எந்த நாடும் தனதாக்கிக் கொள்ள முடியாது என்று எழுதினார். அதன் ஒரு பகுதி 1609-இல் 'சுதந்திரக் கடல்' என்னும் நூலாக வெளிவந்தது.

ஆனால் வலிமை பெற்ற டச்சுக்காரர்கள், வாசனைப் பொருள்கள் விளையும் தீவுகளில் ஆங்கிலேயர் வாணிகம் செய்வதைத் தடுத்தனர். 1613-இல் இலண்டனில் நடந்த பேச்சுவார்த்தையில் அதை நியாயப்படுத்தும் பொறுப்பு குரோஷியஸுக்கே வந்தது. ஆங்கிலேயரோ அவருடைய நூலின் வாதங்களையே அவருக்கு எதிராக எடுத்துக் காட்டினர்!

பின்னர் சமய, அரசியல் பூசலில் சிக்கிய அவர், 1619-இல் ஆயுள் தண்டனை பெற்றுக் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1621-இல் அவர் மனைவி மரியா, புத்தகப் பெட்டிக்குள் அவரை ஒளித்து வெளியே அனுப்பினார். பணிப்பெண் எல்ஸ்யே அஞ்சாமல் பெட்டியுடன் சென்றாள். மரியாவோ சிறையிலேயே தங்கிக் காவலரை ஏமாற்றினார். இவ்விரு பெண்களின் துணிவு இல்லாவிடில், 1625-இல் பாரிஸில் வெளியான 'போர், அமைதி ஆகியவற்றின் சட்டம்' என்னும் பெருநூல் உலகுக்குக் கிடைத்திருக்குமா?

1645-இல் பால்டிக் கடலில் அவர் சென்ற கப்பல் புயலில் சிக்கிச் சேதமுற்றது. கரை சேர்ந்தும் உடல் நலிந்து, ரோஸ்டாக் நகரில் உயிர் துறந்தார்.

ஆழ்கடல் எல்லா நாடுகளுக்கும் பொது என்பதை 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட ஒப்பந்தமும் ஏற்றுக்கொண்டது. தம் நாட்டின் இலாபத்துக்காக அவர் சொன்ன உண்மை, தம் நாட்டுக்கும் பொருந்துவதாயிற்று. நீதி என்பது நமக்கு ஒன்று, பிறருக்கு ஒன்று அன்று என்பதே குரோஷியஸின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.