முயற்சியால் மொழி கற்ற ஃபுகுசாவா யுகிச்சி

ஆசிரியர் கற்பிக்கக் கற்பது ஒரு வகை. கற்பிப்பார் இல்லாதபோதும் தாமே தேடிக் கற்பது மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகைக்குச் சிறந்த சான்றாகத் திகழ்ந்தவர் ஜப்பானிய அறிஞர் ஃபுகுசாவா யுகிச்சி.

அவர் 1835ஆம் ஆண்டு ஒசாக்கா நகரில், தாழ்ந்த தரத்துச் சாமுராய்க் குடும்பமொன்றில் ஐந்து பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒன்றரை வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் பிள்ளைகளுடன் சொந்த ஊராகிய நக்காட்சுவுக்குத் திரும்பி, வறுமையில் அவர்களை வளர்த்தார். யுகிச்சி முறையாகப் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினான்கு இருக்கும். தம் வயதினர் கடினமான நூல்களைப் படிக்க, தாம் தொடக்க நூலைப் படிக்க நேர்ந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது. எனினும் படிப்பை விடவில்லை.

அக்காலத்தில் ஜப்பான் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அயல்நாடுகளுக்குக் கதவடைத்திருந்தது. மேலைநாட்டினருள் டச்சுக்காரர் மட்டுமே நாகசாக்கித் துறைமுகத்தில் வாணிகம் செய்தனர். ஆகவே, மேலைநாட்டு மருத்துவத்தையும் அறிவியலையும் அறிய விரும்பியோர் டச்சு மொழியையே பயின்றனர். யுகிச்சியும் 1854இல் நாகசாக்கிக்குச் சென்று அம்மொழியைக் கற்கத் தொடங்கினார். மறு ஆண்டு, ஒகாத்தா கோஆன் என்னும் மருத்துவர் ஒசாக்காவில் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அங்கு நூல்கள் மிகக் குறைவு. மாணவர்கள் அவற்றைக் கையால் படியெடுத்தே படித்தனர். ஒருமுறை நோயுற்ற யுகிச்சி தலையணையைத் தேடினார், கிடைக்கவில்லை. ஓராண்டாகப் படுத்துறங்காமல், படிக்கும் மேசையின்மீதே தலைசாய்த்து உறங்கி வந்தது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

1858இல் இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில் டச்சு மொழிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டு வணிகர்க்குத் திறக்கப்பட்டது. அங்கு நடந்தே சென்ற யுகிச்சி திகைத்து நின்றார். கடைப்பலகைகளை அவரால் படிக்க இயலவில்லை. அவர் பேசிய டச்சு அங்குள்ளோர்க்கு விளங்கவில்லை. எங்கும் ஆங்கிலமே வழங்கியது. இரவு பகலாகக் கற்றதெல்லாம் வீணாயிற்றே என அவர் உள்ளம் சோர்ந்தது.

ஆயினும் அச்சோர்வு ஒரு நாளுக்கு மேல் நீடிக்கவில்லை. மறுநாளே ஆங்கிலம் கற்க உறுதி பூண்டார். ஆங்கிலம் அறிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் இல்லத்திற்குப் பல நாள் நடந்தார். அவருக்கோ கற்பிக்க ஓய்வில்லை. எனவே, டச்சு மொழியில் பொருள் கூறும் ஆங்கில அகராதியொன்றைத் துணையாகக் கொண்டு தாமே கற்றார். ஒலிப்பு விளங்காதபோது, கடலில் திசைதவறி அயல்நாடு சென்று மீண்ட மீனவர்களைத் தேடிச்சென்று கேட்டறிந்தார். நாளடைவில் ஓர் உண்மை புலனாயிற்று. டச்சும் ஆங்கிலமும் நெருங்கிய உறவுடைய மொழிகள். முன்பு கற்றது வீணாகவில்லை. அதுவே புதிய மொழிக்கு ஏணியாயிற்று.

1860இல் ஜப்பானியக் கப்பலொன்றில் அமெரிக்கா சென்று, வெப்ஸ்டர் அகராதியுடன் திரும்பினார். பின்னர் அரசாங்க மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்தார். அங்கு வந்த ஆங்கிலக் கடிதங்களுடன் டச்சு மொழிபெயர்ப்பும் இணைக்கப்பட்டிருந்தது. அவரோ முதலில் ஆங்கிலத்தைத் தாமே படித்துப் பொருள்காண முயல்வார். இயலாதபோது மட்டுமே டச்சைப் பார்ப்பார். பணியையே பாடமாக்கிக் கொண்ட திறம் இது!

மேலைநாடுகளில் கண்டவற்றை 1866 முதல் எளிய நடையில் நூலாக வெளியிட்டார். அவர் தொடங்கிய சிறு பள்ளியே இன்று புகழ்பெற்ற கெய்யோ பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அவர் 1901இல் மறைந்தார். 1984 முதல் நாற்பது ஆண்டுகள் ஜப்பானின் பத்தாயிரம் யென் தாளில் அவர் உருவம் இடம்பெற்றிருந்தது.

மாணவர்களே! நாளை இடைநிலைப்பள்ளியில் பாடங்களை வேற்றுமொழியில் கேட்கும்போது, இதுவரை தமிழில் கற்றது வீணோ என நீங்கள் கலங்கக்கூடும். கலங்க வேண்டாம். வாசிக்கும் பழக்கமும், பொருள் தேடும் பழக்கமும், இலக்கண அறிவும் எம்மொழிக்கும் துணைநிற்கும். பெற்றோர்களே! வீட்டில் ஓர் அகராதியும், பிள்ளைகள் படிக்க அமைதியான ஒரு மணி நேரமும் இருக்கச் செய்யுங்கள். எஞ்சியதை அவர்தம் முயற்சி தேடித்தரும்.